மருள் நாரைச் செயற்கை றப்பரில் பிடிக்க வைப்பது

வவுனியாவில் என் பட்டறையில் அதிகம் செய்வது தண்ணீர்ப் பம்புக்கு அடியில் போடும் றப்பர் தட்டும் உழவு மெசினுக்கு மட்காட்டும்தான். றப்பர், எஸ்.பி.ஆர். என்ற செயற்கை றப்பர். அதற்குள் போடுவது கனகராயன்குளப் பக்கத்துப் பற்றைகளில் தானாக வளரும், வாள் போல் நீண்ட இலையுள்ள மருள் செடியின் நார். அம்மம்மா மாட்டுக்குக் கயிறு திரித்ததும் இந்த நாரில்தான். தென்னந்தும்பும் போடலாம், ஆனால் அது தடிப்பு. ஒரே நீளத்துக்கு வெட்டினால் மெல்லிய நார்தான் சுமையை நன்றாகத் தாங்கும்.

இலையைச் சுரண்டி எடுத்த நாரை 5 சதவீதக் கோஸ்டிக் சோடாக் கரைசலில் சில மணி நேரம் ஊற விடுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சோடாவைத்தான் தண்ணீருக்குள் போட வேண்டும், ஒருபோதும் மாறி ஊற்றாதீர்கள். மெழுகும் பசையும் கழன்று நாரில் சொரசொரப்பு வரும். றப்பர் பிடிப்பது அதில்தான். வழுவழுப்புப் போகும்வரை வடிவாகக் கழுவி, கடைசித் தண்ணீரில் கொஞ்சம் வினாகிரி விடுங்கள்.

காய வைப்பதில் மட்டும் அவசரம் வேண்டாம். வெயிலில் மொறுமொறு என்று காய்ந்த நாரும் இரவுக் காற்றில் ஈரத்தை இழுத்துவிடும். ஆகவே மில்லில் (றப்பரைப் பிசையும் இரட்டை உருளை மெசினில்) போடும் அன்றைக்கே 80 பாகையில் மறுபடி சூடாக்குங்கள். இல்லாவிட்டால் அச்சின் 150 பாகைச் சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி, தட்டுக்குள் கொப்புளம் கொப்புளமாக நிற்கும்.

நாரை 6 மில்லிமீற்றரில் வெட்டுங்கள். நிறையில் 100 பங்கு றப்பருக்கு 20 பங்கு நார் போதும். மிகக் கூடினால் தட்டு விறைத்து, கொஞ்சம் இழுத்தாலே அறும். வழக்கமான சிங்க் ஒக்சைட், ஸ்டியரிக் அமிலத்தோடு ரெசோர்சினோல் 5, சிலிக்கா 2 பங்கு சேர்த்து, பிறகு நாரைச் சிறிது சிறிதாகத் தூவுங்கள். ஹெக்சா (ஹெக்சமெதிலீன்டெட்ரமீன்) 3 பங்கு, கந்தகம், றப்பர் வேகுவதை விரைவாக்கும் அக்சிலரேற்றர் எல்லாம் மில் ஆறிய பிறகு, கடைசியில். ஹெக்சாவும் ரெசோர்சினோலும் அச்சுச் சூட்டில் பிசினாகி நாரையும் றப்பரையும் ஒட்டும். அந்த நேரம் எழும் புகை கூடாது, ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.

அப்புறம் உருளை இடைவெளியை இறுக்கி, றப்பர் தாளைத் திருப்பாமல் ஒரே பக்கமாகப் பலமுறை விடுங்கள். நார் அந்தத் திசையில் படுக்கும். சோக்கால் அம்புக்குறி போட்டு, இழுவை எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துக்கு அம்பு வரும்படி வெட்டுங்கள்.

அச்சில் வெந்த தட்டில் அம்புக்கு நேராக ஒரு கீலமும் குறுக்காக ஒரு கீலமும் வெட்டி இழுத்துப் பாருங்கள். நேர்க் கீலம் குறைவாகத்தான் நீள வேண்டும். அறுந்த முனையில் நார் வெறுமையாக நீட்டிக்கொண்டு நின்றால் ஒட்டு பிடிக்கவில்லை; றப்பரோடு சேர்ந்தே அறுந்திருந்தால் சரி, வேலையைத் தொடங்கலாம்.