ரியோவில் ஜோடியாகச் சுற்ற: பை ஒன்று, பணம் இரண்டு இடத்தில்

ரியோ டி ஜெனிரோவுக்கு டிக்கெட் போட்டாயிற்றா? சரி, ஹாஸ்டல் தேடுவதற்கு முன்னால் மஞ்சள் காய்ச்சல் ஊசியை முடித்துவிடுங்கள். பிரேசிலிலிருந்து இந்தியா திரும்பும்போது அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள், இல்லாவிட்டால் தனிமைப்படுத்தி உட்கார வைக்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும் என்பதால் கடைசி வாரத்தில் ஓடிப் பயனில்லை. சென்னைப் பக்கம் இருப்பவர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ளலாம். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும்.

அடுத்தது தங்கும் இடம். இபனேமாவும் லெப்லானும் அழகு, பர்ஸ் தாங்காது. கோபகபானாவில் எல்லா விலையிலும் அறை கிடைக்கும், கொஞ்சம் பழைய கட்டடங்கள், ஆனால் மெட்ரோவும் கடலும் நடக்கிற தூரம். என் ஓட்டு போட்டாஃபோகோவுக்கு: மெட்ரோ நிலையம் இருக்கிறது, சாப்பாட்டுக் கடைகள் நிறைய, ராத்திரி தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும். அங்கேயும் ஒரு கடற்கரை உண்டு, அது பார்க்க மட்டும், தண்ணீர் அழுக்கு. குன்றின் மேலிருக்கும் சாண்டா தெரேசா படத்தில் ரொம்பக் காதல் ததும்பும், ஆனால் ராத்திரி ஒவ்வொரு முறையும் டாக்சி பிடித்து மேலே ஏற வேண்டும். பதிவு செய்வதற்கு முன் டார்மில் (பலர் சேர்ந்து தங்கும் ஹாஸ்டல் அறை) இரண்டு படுக்கைக்கு ஆகும் காசையும் தனி அறை வாடகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பல நேரம் வித்தியாசம் பெரிதாக இருக்காது. கல்யாணம் ஆகிவிட்டதா, முகவரி ஏன் வேறு வேறாக இருக்கிறது என்ற நம்மூர் விசாரணையெல்லாம் அங்கே கிடையாது.

இப்போது முக்கியமான விஷயம். இருவராகப் போவதன் உண்மையான லாபம் வாடகையைப் பிரிப்பதில் இல்லை, இழப்பைப் பிரிப்பதில். ரியோவில் அடிக்கடி நடப்பது போன் பறிப்பு. அதனால் ஒருவர் கார்டு ஒருவரிடம், இன்னொருவர் கார்டு இன்னொருவரிடம், மூன்றாவதாக ஒன்று அறையில் பூட்டி. கூட்டுக் கணக்குக்கு இருவரும் ஒரே கார்டை வைத்திருந்தால் ஒன்று போனதும் பிளாக் செய்வீர்கள், இரண்டும் செத்துவிடலாம், எனவே வெவ்வேறு கணக்கு அவசியம். பாஸ்போர்ட் அறையில், நகல் பையில். வெளியே போகும்போது ஒரு போன் போதும், வழி பார்க்க வேண்டுமானால் நடைபாதையில் நிற்காமல் கடைக்குள் நுழைந்து பாருங்கள். ஒருவர் பார்க்கும்போது மற்றவர் தெருவைப் பார்க்கட்டும். இருட்டிய பிறகு மணலில் நடக்காதீர்கள், நிலா எவ்வளவு அழகாக இருந்தாலும். ஞாயிற்றுக்கிழமை நகர மையம் வெறிச்சோடிக் கிடக்கும், அன்றைக்கு அங்கே போகாமல் கடற்கரைக்கு வாருங்கள், கடலோரச் சாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள், ஊரே நடக்கும்.

கடற்கரையில் முகவரி என்பது போஸ்டோ எண்தான். உயிர்காப்பாளர் கோபுரங்களுக்கு வரிசையாக எண் போட்டிருக்கிறார்கள், இபனேமாவில் போஸ்டோ 9 இளவட்டங்கள் கூடும் இடம். துண்டு கொண்டுபோகாதீர்கள், ஊர்க்காரர்கள் காங்கா என்ற மெல்லிய துணியைத்தான் விரிப்பார்கள், மணலிலேயே விற்பார்கள், பிறகு தோளில் போர்த்திக்கொள்ளவும் ஆகும். நாற்காலியும் குடையும் வாடகைக்குக் கிடைக்கும், உட்காருவதற்கு முன்னால் விலை கேட்டுவிடுங்கள். இருவரும் ஒன்றாகக் கடலில் இறங்க ஆசைப்பட்டால் பக்கத்தில் இருக்கும் குடும்பத்திடம் சாமானைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம், அங்கே அது சாதாரணம், ஆனால் போனை வைத்துவிட்டுப் போவதற்கு அது காரணம் ஆகாது. சிவப்புக் கொடி இருந்தால் இறங்கவே வேண்டாம், நீரோட்டம் நல்ல நீச்சல்காரரையும் இழுக்கும்.

இரண்டு தோளிலும் எவர்சில்வர் டிரம் தொங்கவிட்டு ஒருவர் கத்திக்கொண்டே வருவார். ஒன்றில் மாச்சி (mate) என்ற இலையில் போட்ட குளிர்ந்த டீ, மற்றதில் எலுமிச்சைச் சாறு. கப்பைக் குழாய்க்குக் கீழே பிடித்து இரண்டையும் கலந்து தருவார், ஒரு வாய் குடித்துவிட்டு நீட்டினால் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் ஊற்றவும் செய்வார். கூடவே குளோபோ என்ற மரவள்ளி மாவு வளையம், வாயில் போட்டதும் கரையும், உப்பு ஒரு பாக்கெட், இனிப்பு ஒரு பாக்கெட் வாங்கி மாற்றிக்கொள்ளுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குத் தட்டை எடைபோட்டுக் காசு வாங்கும் கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. சோறு, கறுப்பு பீன்ஸ், கீரை, வறுத்த மரவள்ளி மாவு என்று சைவக்காரரும் பசியாறலாம், ஆனால் பீன்ஸில் பன்றி இறைச்சி கிடக்கும், கேட்டுவிட்டு அள்ளுங்கள். பழைய பார்களில் ஒரு அயிட்டம் என்பது பெரும்பாலும் இருவருக்கான அளவு, தனியாகப் போகிறவர்கள் திணறும் இடத்தில் ஜோடிகளுக்குக் கொண்டாட்டம். பில்லில் சேர்க்கும் 10 சதவீத சேவைக் கட்டணம் கட்டாயமில்லை, இருந்தாலும் எல்லோரும் கொடுக்கிறார்கள்.

மலைகளுக்குத் தேதி குறித்து வைக்காதீர்கள். கிறிஸ்து சிலை 700 மீட்டருக்கு மேல் நிற்கிறது, மேகம் இறங்கினால் சிலையின் கால்கூடத் தெரியாது. காலையில் ஜன்னலைத் திறந்து மலையுச்சி தெளிவாகத் தெரிந்தால் அன்றைய திட்டத்தை ஒதுக்கிவிட்டுக் கிளம்புங்கள். சிலைக்குப் போக கோஸ்மே வெல்யோ பகுதியிலிருந்து பல்சக்கர ரயில், கோபகபானாவிலிருந்தும் லார்கோ டோ மஷாடோவிலிருந்தும் வேன். சுகர்லோஃப் மலைக்குப் போகும் கேபிள் கார் இரண்டு கட்டமாக ஏறும். முதல் குன்றான மோரோ டா உர்காவுக்கு வெர்மெல்யா கடற்கரையிலிருந்து காட்டுப்பாதை இருக்கிறது, காசு கிடையாது, அரைமணிக்குச் சற்றுக் கூட ஆகும், வழியில் குட்டிக் குரங்குகள் வரும், தீனி போடாதீர்கள். 220 மீட்டரிலேயே விரிகுடா முழுக்கக் கீழே விரிந்துவிடும், மேலே 396 மீட்டரில் இருக்கும் சுகர்லோஃப் உச்சிக்குக் காசு கொடுத்துப் போக வேண்டுமா என்பதை அங்கே நின்று முடிவு செய்யலாம்.

ரொம்ப நாள் தங்கினால் ஒரு மதியத்தையாவது தனித்தனியாகக் கழியுங்கள். ஒருவருக்குப் பாறை ஏற ஆசை, மற்றவருக்குத் தாவரவியல் பூங்காவில் உட்கார ஆசை என்றால் இரண்டையும் இழுத்துக்கட்டிச் சண்டை போடுவானேன்? அன்றைக்கு மட்டும் இருவரும் போனை எடுத்துக்கொள்ளுங்கள், சந்திக்கும் இடமாக ஒரு போஸ்டோ எண்ணையும் நேரத்தையும் பேசிக்கொள்ளுங்கள், வெளிச்சம் இருக்கும்போதே.

கிளம்பும் நாளில், கலியாவோ விமான நிலையத்துக்கு மெட்ரோ கிடையாது, சாயங்கால நெரிசலில் கார் நகராது. மாலை விமானம் என்றால் மதியச் சாப்பாட்டைக் கையோடு முடித்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.