ஸ்ட்ரைக்குக்கு வாக்களிக்கும் முன்: விமானப் பணியாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட அமெரிக்காவின் பல விமான நிறுவனங்களில் கேபின் பணியாளருக்குச் சம்பள மணி ஓடத் தொடங்குவது விமானம் நகரத் தொடங்கிய பிறகுதான். அதற்கு முன்னால் பயணிகளை ஏற்றுவது, பெட்டிகளுக்கு இடம் பார்ப்பது, அவசரகாலக் கருவிகளைச் சோதிப்பது எல்லாம் வேலைதான். ஆனாலும் வெகுகாலம் அந்த நேரம் சம்பளக் கணக்கில் சேரவே இல்லை. இப்படிப்பட்ட குறைகள் வருடக்கணக்கில் சேர்கின்றன. பழைய ஒப்பந்தம் முடிகிறது, பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போகிறது. கடைசியில் ஒருநாள் சங்கம் உறுப்பினர்களிடம் கேட்கிறது: வேலைநிறுத்தத்துக்குச் சம்மதமா?

நியாயம் முழுக்கத் தொழிலாளர் பக்கம் இருந்தும், வாக்கெடுப்பு நடத்திய விதத்தில் நேர்ந்த சறுக்கலால் போராட்டம் தள்ளிப்போனது உண்டு. வாக்கெடுப்பில் மலை போல ஜெயித்துவிட்டு, அடுத்த படியில் தடுமாறியதும் உண்டு. முதல்முறையாக இந்த வாக்கைப் போடப் போகிறவர்களையும், அவர்கள் வீட்டில் கவலையோடு இருப்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

வாக்கு வேறு, ஸ்ட்ரைக் வேறு

அதிகம் பேர் செய்யும் தவறு, இரண்டையும் ஒன்றாக நினைப்பது. "99 சதவீதம் ஆதரவு" என்று செய்தி வந்ததும் பயணிகள் டிக்கெட்டை ரத்து செய்யலாமா என்று பதறுகிறார்கள். வீட்டில் அம்மா, "நாளையிலிருந்து வேலைக்குப் போக மாட்டாயா?" என்று கேட்கிறார். உண்மையில் அந்த வாக்கு, தேவைப்பட்டால் வேலைநிறுத்தம் அறிவிக்கலாம் என்று உறுப்பினர்கள் சங்கத் தலைமைக்குக் கொடுக்கும் அதிகாரம் மட்டுமே.

அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே விமானத்துறைத் தகராறுகளை ஆள்வது 1926இல் ரயில்வேக்காக வந்த சட்டம். 1936இல் அதை விமானத்துறைக்கும் நீட்டினார்கள். அதன்படி, தேசிய சமரச வாரியம் என்ற அரசு அமைப்பு 'இனி எங்களால் ஆகாது' என்று இரு தரப்பையும் விடுவிக்க வேண்டும். அதற்குப் பிறகு 30 நாள் பொறுத்திருக்க வேண்டும். அப்புறம்தான் வேலையை நிறுத்தலாம். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானப் பணியாளர்கள் 2023 ஆகஸ்டில் 99 சதவீதத்துக்கும் மேல் ஆதரவு தெரிவித்தார்கள். ஒருநாள்கூட வேலைநிறுத்தம் நடக்கவில்லை. ஆனால் 2024 செப்டம்பரில் புது ஒப்பந்தம் வந்தது. மேசையில் உட்கார்ந்து பேசுகிறவர்களின் பின்னால் அத்தனை பேர் நிற்கிறார்கள் என்று காட்டியதுதான் அந்த வாக்கின் பயன்.

இதற்கு நேர் எதிரான தவறு இன்னும் ஆபத்தானது. "எப்படியும் ஸ்ட்ரைக் வராது, சும்மா ஆமாம் போட்டு வைப்போம்" என்கிற அசட்டை. 2025இல் ஏர் கனடா பணியாளர்கள் 99.7 சதவீத ஆதரவோடு வாக்களித்தார்கள். ஆகஸ்ட் 16 அன்று 10,000க்கும் மேற்பட்டோர் நிஜமாகவே வேலையை நிறுத்தினார்கள். அதனால் 'ஆமாம்' என்று போடும்போது, மூன்று வாரம் சம்பளம் வராவிட்டாலும் நிற்க முடியுமா என்று உங்களை நீங்களே கேட்டுக்கொண்டு போடுங்கள். முடியாது என்றால் அதைச் சங்கக் கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உறுப்பினர்களின் உண்மையான தாங்கும் சக்தி தெரியாமல் தலைமை களத்தில் இறங்குவது எல்லோருக்கும் கேடு.

"என் ஒரு வாக்கால் என்ன ஆகப்போகிறது?"

விமானப் பணியாளர் வாழ்க்கையில் இந்த நினைப்பு சுலபமாக வந்துவிடும். ஒரே அலுவலகத்தில் ஒன்றாக உட்கார்ந்து வேலை பார்க்கும் கூட்டம் இல்லை இது. ஒருவர் இரண்டு விமானங்களுக்கு நடுவே லேஓவரில் ஏதோ ஒரு ஓட்டலில் தூங்கிக்கொண்டிருப்பார், இன்னொருவர் அழைப்பு வந்தால் கிளம்பத் தயாராக ஸ்டாண்ட்பையில் இருப்பார், மூன்றாமவர் கடலுக்கு மேலே பறந்துகொண்டிருப்பார். கடைசி நாளில் வாக்களிக்கலாம் என்று விட்டால் ரோஸ்டர் (பணிப்பட்டியல்) மாறி அந்த நாளே கைவிட்டுப் போகும்.

பிரிட்டனில் 2016இல் வந்த தொழிற்சங்கச் சட்டம், வாக்குரிமை உள்ளவர்களில் குறைந்தது பாதிப் பேராவது வாக்களித்தால்தான் வாக்கெடுப்பு செல்லும் என்று வைத்தது. அப்படி ஒரு விதி இருக்கும் இடத்தில் வாக்களிக்காமல் இருப்பது நடுநிலை ஆகாது. சில நேரம் 'வேண்டாம்' என்று போடுவதைவிட அது அதிகமாகவே காலை வாரும். போராட்டம் வேண்டாம் என்று நினைப்பவரும் வாக்களிக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. எதிர்ப்பு எத்தனை பேருக்கு இருக்கிறது என்பதும் தலைமைக்குத் தெரிந்தாக வேண்டும்.

பட்டியலில் விழுந்த ஓட்டை

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2009 டிசம்பரில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் கேபின் பணியாளர்கள் கிறிஸ்துமஸ் சமயத்தில் 12 நாள் வேலைநிறுத்தம் என்று அறிவித்தார்கள். வாக்களித்தவர்கள் சுமார் 80 சதவீதம், அதில் ஆதரவு 90 சதவீதத்துக்கும் மேல். இதைவிடத் தெளிவான முடிவு கிடைப்பது அரிது. ஆனால் டிசம்பர் 17 அன்று லண்டன் உயர் நீதிமன்றம் அந்த வேலைநிறுத்தத்துக்குத் தடை விதித்தது. காரணம், விருப்ப விலகல் திட்டத்தில் நிறுவனத்தை விட்டுப் போகிற நூற்றுக்கணக்கானோருக்கும் வாக்குச்சீட்டு போயிருந்தது. அவர்கள் வாக்குகளை எல்லாம் கழித்துவிட்டாலும் முடிவு மாறியிருக்காது. சட்டம் அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை, நடைமுறையைப் பார்த்தது.

சங்கம் மறுபடி முதலிலிருந்து வாக்கெடுப்பு நடத்த வேண்டியதாயிற்று. 2010 பிப்ரவரியில் நடந்த இரண்டாவது வாக்கெடுப்பில் ஆதரவு சுமார் 81 சதவீதம். மார்ச்சில் வேலைநிறுத்தம் தொடங்கியது. மே மாதம் மறுபடி ஒரு தடை வந்தது. இந்த முறை விவகாரம் 11 செல்லாத வாக்குகள். அந்த எண்ணிக்கையை உறுப்பினர்களுக்கு முறையாகத் தெரிவிக்கவில்லை என்பது நிர்வாகத்தின் வாதம். மேல்முறையீட்டு நீதிமன்றம் சில நாட்களிலேயே அந்தத் தடையை நீக்கிவிட்டது என்பது ஆறுதல். ஆனால் ஆயிரக்கணக்கானோரின் போராட்டம் 11 சீட்டுகளைச் சுற்றி நீதிமன்றத்தில் நின்றது.

இதெல்லாம் சங்க அலுவலகத்தின் வேலை, நமக்கென்ன என்று உறுப்பினர்கள் நினைப்பதும் தவறுதான். முகவரி மாறியதா, பேஸ் (நீங்கள் பணி தொடங்கும் விமான நிலையம்) மாறியதா, பதவி உயர்வு வந்ததா, ராஜினாமா கொடுத்திருக்கிறீர்களா, உடனே சங்கத்துக்குச் சொல்லுங்கள். பக்கத்து ஜம்ப்சீட்டில் (பணியாளருக்கான மடக்கு இருக்கையில்) உட்காருகிறவரிடமும் கேளுங்கள். பட்டியல் சுத்தமாக இருப்பது உறுப்பினர்கள் கொடுக்கும் தகவலில்தான் இருக்கிறது. அதேபோல, வாக்குச்சீட்டில் என்ன கேள்வி அச்சாகியிருக்கிறது என்று ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். முழு வேலைநிறுத்தமா, அதற்குக் குறைந்த நடவடிக்கையா, எந்தத் தகராறுக்காக என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

எல்லோரும் ஒரே நாளில் 'உடம்பு சரியில்லை'

வாக்கெடுப்பு, நோட்டீஸ், காத்திருப்பு எல்லாம் சலிப்பூட்டும். "பேசாமல் எல்லோரும் லீவு போட்டுவிடுவோம்" என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதுவார். கோபம் புரிகிறது. ஆனாலும் இதைச் செய்யாதீர்கள்.

2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் பணியாளர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் உடல்நலக் காரணம் சொல்லி வராமல் போனார்கள். ஏராளமான விமானங்கள் ரத்தாயின. நிறுவனம் சுமார் 25 பேரை வேலையை விட்டு நீக்கியது. பிறகு டெல்லியில் தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன்னிலையில் பேச்சு நடந்து, அவர்களைத் திரும்ப எடுத்துக்கொள்ள நிர்வாகம் ஒப்புக்கொண்டது. நல்லபடியாக முடிந்ததாலேயே அது பாதுகாப்பான வழி என்று ஆகிவிடாது. இந்தியாவில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில், ஒரு தொழிலில் இருப்பவர்களில் 50 சதவீதமோ அதற்கு மேலோ பேசிவைத்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால், அதுவும் வேலைநிறுத்தமாகவே கருதப்படும். வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். சமரசப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது வேலையை நிறுத்தவும் முடியாது.

சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. சளி பிடித்து காது அடைத்திருக்கும்போது பறந்தால் செவிப்பறையே பாதிக்கப்படலாம். தூக்கமில்லாமல் தள்ளாடுகிறவர் அவசரத்தில் கதவைத் திறந்து பயணிகளை இறக்க முடியாது. 'இன்று என்னால் பறக்க முடியாது' என்று நேர்மையாகச் சொல்லும் உரிமையைப் பணியாளர்கள் உயிரைப் போலக் காக்க வேண்டும். அதைப் போராட்ட ஆயுதமாக்கினால், அடுத்த மாதம் நிஜமாகவே காய்ச்சலில் படுக்கிற சக ஊழியரைத்தான் நிர்வாகம் சந்தேகத்தோடு பார்க்கும்.

கோரிக்கையைச் சொல்லத் தெரியாமல் போவது

சம்பளம் 20 சதவீதம் உயர வேண்டும் என்று மட்டும் சொன்னால் வெளியில் இருப்பவருக்கு அது வெறும் எண். கனடாவில் பணியாளர்கள் அப்படிச் செய்யவில்லை. தரையில் நாங்கள் செய்யும் வேலைக்குச் சம்பளம் இல்லை என்றார்கள். போர்டிங்கில் தாமதமாகி நின்றுகொண்டே காலத்தைக் கழித்த எந்தப் பயணிக்கும் அது உடனே புரிந்தது, ஏனென்றால் அந்த நேரத்தில் தன் கண் முன்னால் அந்தப் பணியாளர் ஓடிக்கொண்டிருந்ததை அவர் பார்த்திருக்கிறார். டெல்டா நிறுவனம் 2022இலேயே போர்டிங் நேரத்துக்கு, பாதி விகிதத்திலாவது, சம்பளம் கொடுக்கத் தொடங்கிவிட்டது என்பதும் வாதத்துக்கு வலு சேர்த்தது. உங்கள் குறை எதுவோ அதை ஒரு பயணி கண்ணால் பார்த்த காட்சியாகச் சொல்லப் பழகுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பணியில் இருக்கும்போது, சீருடையில், பயணியிடம் தகராறைப் பற்றிக் கொட்டாதீர்கள். பாதுகாப்பு வேலையில் ஒரு இம்மிகூடக் குறைக்காதீர்கள்.

பணக் கணக்கு

வேலைநிறுத்த நாட்களில் சம்பளம் வராது என்று எல்லோருக்கும் தெரியும். மறந்துபோவது மற்றவை. வெளியூர்ப் படி நிற்கும். காப்பீடு தொடருமா, சங்கத்தின் நிதியிலிருந்து எத்தனை நாளைக்கு எவ்வளவு வரும், எத்தனையாவது நாளிலிருந்து வரும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அப்புறம் பயணச் சலுகை, அதாவது பணியாளருக்குக் குறைந்த கட்டணத்தில் கிடைக்கும் விமானப் பயணம். 2010இல் வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் பணியாளர்களின் பயணச் சலுகையை நிர்வாகம் பறித்தது. வேறு ஊரில் குடும்பத்தை வைத்துக்கொண்டு, அந்தச் சலுகையில்தான் பலர் வேலைக்கே வந்து போகிறார்கள். விமானத்தில் பணியாளர் எண்ணிக்கையைக் குறைத்ததை எதிர்த்துத் தொடங்கிய தகராறில் சலுகையை மீட்பதே இன்னொரு தகராறானது. 2011இல் ஏற்பட்ட உடன்பாட்டில்தான் அது தீர்ந்தது. நீங்கள் இன்னும் பயிற்சிக் காலத்தில் இருந்தால், உங்களுக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது என்று தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிளவை முன்கூட்டியே யோசிக்காதது

வேலைநிறுத்தத்தில் பெரிய காயம் பல நேரம் நிர்வாகத்திடமிருந்து வருவதில்லை. 1986இல் டிடபிள்யூஏ என்ற அமெரிக்க விமான நிறுவனத்தின் கேபின் பணியாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். நிர்வாகம் புது ஆட்களை எடுத்தது, சங்கத்திலிருந்தே ஒரு பகுதியினர் மறியல் வரிசையைத் தாண்டி வேலைக்குத் திரும்பினார்கள். மற்றவர்கள் நிபந்தனையின்றித் திரும்ப வந்தபோது இடங்கள் நிரம்பியிருந்தன. 1989இல் உச்ச நீதிமன்றம், முன்னதாகத் திரும்பிய இளையவர்களை நீக்கி மூத்தவர்களுக்கு இடம் கொடுக்க நிறுவனம் கடமைப்பட்டதல்ல என்று சொல்லிவிட்டது. பல வருட சீனியாரிட்டி (பணிமூப்பு) இருந்தவர்கள் வரிசையில் காத்து நின்றார்கள்.

திரும்பிப் போனவர்களைக் கருங்காலி என்று திட்டுவது சுலபம். அவர்களில் எத்தனை பேர் வாக்கெடுப்புக்கு முன்பே 'எனக்குப் பயமாக இருக்கிறது, வீட்டுக் கடன் இருக்கிறது' என்று சொல்ல இடம் இல்லாமல் தவித்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. தனியாகப் பிள்ளை வளர்க்கிறவர், புதிதாகச் சேர்ந்தவர், கடனில் இருப்பவர், இவர்களோடு முன்கூட்டியே உட்கார்ந்து பேசுவது கூட்டத்தில் கோஷம் போடுவதைவிட முக்கியம். எல்லோரும் ஒரேயடியாக நிற்கத்தான் வேண்டும் என்பதும் இல்லை. 1993இல் அலாஸ்கா ஏர்லைன்ஸ் பணியாளர்கள் எந்த விமானம் என்று முன்கூட்டிச் சொல்லாமல், விரல்விட்டு எண்ணக்கூடிய சில விமானங்களில் மட்டும் வேலையை நிறுத்தினார்கள். சம்பள இழப்பு சிலருக்குத்தான், நெருக்கடி முழு நிறுவனத்துக்கும். சில நாட்டுச் சட்டங்களில் இது செல்லாது, வழக்கறிஞரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

அரசு குறுக்கே வரும், அடுத்த வாக்கும் வரும்

ஏர் கனடா வேலைநிறுத்தம் தொடங்கிச் சில மணி நேரத்திலேயே கனடா அரசு தொழிலாளர் சட்டத்தின் 107ஆம் பிரிவைப் பயன்படுத்தி, கட்டாய நடுவர் தீர்ப்புக்கு அனுப்பச் சொன்னது. வேலைக்குத் திரும்பும்படி தொழிலுறவு வாரியம் உத்தரவிட்டது. சங்கம் உத்தரவை ஏற்கவில்லை, வாரியம் வேலைநிறுத்தம் சட்டவிரோதம் என்று அறிவித்தது. ஆகஸ்ட் 19 அன்று உடன்பாடு வந்தது. அந்தத் துணிச்சல் அவர்களுக்குப் பலித்தது. ஆனால் உத்தரவை மீறினால் அபராதமும் சிறையும்கூட வரலாம் என்ற நிலையில் என்ன செய்வது என்பதை நள்ளிரவில் தீர்மானிக்கக் கூடாது. 'அரசு திரும்பச் சொன்னால் என்ன திட்டம்?' என்று வாக்களிக்கும் முன்பே தலைமையிடம் கேளுங்கள்.

உடன்பாடு வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்து இரண்டாவது வாக்கெடுப்பைக் கவனிக்காமல் விடுவது கடைசித் தவறு. யுனைடெட் பணியாளர்கள் 2025 ஜூலையில், தங்கள் சங்கமே பேசி முடித்த தற்காலிக உடன்பாட்டை 71 சதவீதம் பேர் சேர்ந்து நிராகரித்தார்கள். ஏர் கனடாவில் செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பு இன்னும் விசித்திரமானது. முழு ஒப்பந்தத்தின் மீது வாக்கு கேட்கப்படவில்லை, சம்பளப் பகுதியின் மீது மட்டும்தான். 99.1 சதவீதம் பேர் 'வேண்டாம்' என்றார்கள். ஆனால் அதன் பேரில் மறுபடி வேலைநிறுத்தம் செய்ய வழி இல்லை. சம்பளப் பகுதி சமரசத்துக்கும், அங்கும் தீராவிட்டால் நடுவரிடமும் போகும் என்பது உடன்பாட்டிலேயே எழுதியிருந்தது. உங்கள் கைக்கு அப்படி ஒரு வாக்குச்சீட்டு வரும்போது, தோற்றால் இது எங்கே போகும் என்று எழுதியிருக்கும் அந்தப் பத்தியை முதலில் தேடிப் படியுங்கள்.