மார்டைசர் மெஷின்: உளிக்கும் பிட்டுக்கும் நடுவே ஒரு ரூபாய்

கதவுச் சட்டத்தில் நாக்கு (இணையும் மரத்தின் துருத்திய முனை) உட்காரும் சதுரத் துளையை மார்டைசர் எடுப்பது இப்படித்தான்: உள்ளே சுழலும் பிட் மரத்தைக் குடையும், அதைச் சுற்றியுள்ள சதுர உளி சுழலாமல் இறங்கி மூலைகளைச் செதுக்கும். மரத்தில் கோடு போட்டாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு தொடங்குவோம்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கை பிட்டின் பக்கம் போகப்போகிறது.

பெரும்பாலானோர் கோட்டைவிடுவது அடுத்த இடத்தில்தான். உளியைச் செருகும்போது அதன் தோளுக்கும் (மேலே தண்டு தொடங்கும் அகன்ற விளிம்பு) மெஷின் தலைக்கும் நடுவே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, உளித் திருகை லேசாக இறுக்குங்கள். பிட்டின் அகன்ற முனை உளிக்குள் முட்டும்வரை மேலே தள்ளி, பிட்டைக் கவ்விச் சுழற்றும் 'சக்'கை இறுக்குங்கள். பிறகு திருகைத் தளர்த்தி, நாணயத்தை எடுத்துவிட்டு, தோள் முட்டும்வரை உளியை ஏற்றி இறுக்குங்கள். இப்போது பிட் சுமார் 1.5 மி.மீ. கீழே இறங்கி நிற்கும். 12 மி.மீ.க்கு மேற்பட்ட உளிக்கு 2 மி.மீ. விடலாம்.

இந்த இடைவெளி இல்லாவிட்டால் இரும்போடு இரும்பு உரசும். உளியின் நுனி சூடேறி நீலம் பாயும், பதம் போய்விடும், சில நேரம் விரிசலும் விடும். அதிகமாக விட்டாலோ, பெரிய சிராய்கள் உளிக்குள் சிக்கி அடைத்துக்கொள்ளும். சக்கைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். கிறீச் என்றால் மறுபடி வையுங்கள். சக் சாவியை எடுத்தபின்தான் பிளக்.

உளி ஃபென்ஸுக்கு (மரம் சாய்ந்து நிற்கும் பின்தடுப்பு) நேராக நிற்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். கொஞ்சம் திரும்பியிருந்தாலும் துளையின் சுவர் ரம்பப் பல்லாக வரும். உளியின் ஜன்னல் (சிராய் வெளியேறும் பக்கத் திறப்பு) உங்களைப் பார்க்காமல், ஏற்கெனவே வெட்டிய துளையின் பக்கம் பார்க்கட்டும். சூடான சிராய் அங்கே விழும்.

உளியை இறக்கி ஏற்றும் நெம்பை மேலே தூக்கும்போது உளி மரத்தைக் கவ்விக்கொண்டு கூடவே தூக்கும். மெஷினோடு வரும் பிடிப்பான் பல நேரம் போதாது. கூடவே ஒரு ஜி கிளாம்ப் போடுவதே நல்லது. கையால் பிடிக்கவே கூடாது. கையுறையும் வேண்டாம், பிட் இழுத்துவிடும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

வெட்டும் வரிசை: முதலில் இரண்டு முனைகள். பிறகு நடுவில், உளியின் அகலத்தைவிடக் கொஞ்சம் குறைவான மரத்தை விட்டுவிட்டு ஒவ்வொரு துளையாக எடுங்கள். விட்டதைக் கடைசியில் வெட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் மரம் இருந்தால் உளி வெறும் பக்கம் வளையும், 6 மி.மீ. உளி என்றால் முறியவும் முறியும். அதனால் பழகுவதற்கு 12 மி.மீ. தான் என் தேர்வு. ஒரே இறக்கில் அடிவரை போகாமல் 10 மி.மீ.க்கு ஒருமுறை தூக்கிச் சிராயை வெளியேற்றுங்கள். ஆழம் நாக்கைவிட 2 மி.மீ. கூடுதலாக, பசைக்கு இடம் விட்டு.

பலரும் கேட்பது, புகை வந்தால்? முதலில் ஜன்னல் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், பிறகு இடைவெளி, கடைசியில் கூர். மெஷினை நிறுத்திவிட்டுப் பிரஷ்ஷால் தள்ளுங்கள், விரலால் அல்ல. கூர் தீட்டுவது உள்வாயில் கூம்புக் கல்லால் மட்டும். வெளிப்பக்கத்தைத் தேய்த்துக் குறைத்தால் உளியின் அளவே போய்விடும்.

மறுபக்கம் வரை போகும் துளையைப் பாதியாக இரு பக்கமிருந்தும் எடுங்கள். புரட்டும்போது முதலில் ஃபென்ஸில் ஒட்டியிருந்த அதே முகமே மறுபடியும் ஃபென்ஸில் ஒட்டவேண்டும். பென்சிலால் அதில் ஒரு குறி போட்டுவிடுங்கள்.