பனியின் சொரசொரப்பு வெறும் உயரம் அல்ல: இறக்கைப் பனிக் கணிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1992 மார்ச் 22 இரவு, நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்திலிருந்து புறப்பட்ட ஃபோக்கர் எஃப்-28 விமானம் மேலெழ முடியாமல் கரையோர நீரில் விழுந்தது. 27 பேர் உயிரிழந்தனர். விசாரணை அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பனித்துகள்கள், சதுர சென்டிமீட்டருக்கு ஒன்று வீதம் இறக்கையின் மேல் ஒட்டியிருந்தாலே, தரையை ஒட்டிப் பறக்கும்போது 22 சதவீதமும் அதற்கு மேலே 33 சதவீதமும் ஏற்றுவிசை குறைந்துவிடும். இறக்கையில் பனி எப்படிப் படியும் என்று கணினி நிரலில் கணிக்கும்போது சொரசொரப்புக்கு ஓர் எண்ணை இடும் ஒவ்வொருவரும் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

நான் அடிக்கடி காணும் தவறு, அந்த எண்ணைத் துகளின் உயரம் என்று எடுத்துக்கொள்வது. நிரல் கேட்பது ‘சமான மணல் அளவு’. 1933இல் ஜெர்மன் ஆய்வாளர் நிக்குராட்சே குழாய்களின் உட்சுவரில் சலித்த மணலை நெருக்கமாக ஒட்டி உராய்வை அளந்தார். நம் பனிப்பரப்பு தரும் உராய்வை எந்த அளவு மணல் தரும் என்பதே கேள்வி. ஒரே உயரமுள்ள துகள்கள் நெருக்கமாக இருந்தால் ஒரு விடை, சிதறிக் கிடந்தால் வேறு விடை. அளவுகோலில் பார்த்ததை அப்படியே இடக் கூடாது.

இந்த எண்ணுக்காகப் பலர், பனிப் படிவைக் கணிக்கும் நாசாவின் லூவைஸ் நிரல்வழி பரவிய பழைய சூத்திரத்தை நாடுகிறார்கள். இறக்கையின் அகலத்தை (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை) 0.001177 ஆல் பெருக்கி, காற்றிலுள்ள நீரின் அளவு, வெப்பநிலை, துளியின் விட்டம் ஆகியவற்றுக்கான காரணிகளாலும் 0.6839 என்ற மாறிலியாலும் பெருக்க வேண்டும். அகலம் 0.53 மீட்டர், நீர் கன மீட்டருக்கு 0.5 கிராம், வெப்பநிலை 263 கெல்வின், துளி 20 மைக்ரான் என்றால் ஏறத்தாழ 0.47 மில்லிமீட்டர் வரும். நம்பக்கூடிய விடைதான்.

ஆனால் துளிக்கான காரணியைத் தனியாக எடுத்துப் பாருங்கள். 20 மைக்ரான் வரை அது 1. அதற்கு மேல் 1.667 கழித்தல் 0.0333 பெருக்கல் விட்டம். 50 மைக்ரானில் 0.002 ஆகிறது, அதைத் தாண்டினால் எதிர்மறை! 1994 அக்டோபர் 31 அன்று இண்டியானாவின் ரோஸ்லானில் ஏடிஆர் 72 விமானம் விழுந்து 68 பேர் மாண்டது, இதைவிடப் பெரிய தூறல் துளிகள் இருந்த வானிலையில்தான். அத்தகைய மேகத்துக்கு இச்சூத்திரத்தைப் பயன்படுத்தினால், மிக ஆபத்தான நிலையில் இறக்கை கண்ணாடிபோல வழவழப்பானது என்று கணிப்பு சொல்லும். வெப்பநிலைக் காரணியும் அப்படித்தான்: 0.047 பெருக்கல் கெல்வின் கழித்தல் 11.27. சுமார் 240 கெல்வினுக்குக் கீழே அதுவும் எதிர்மறை. எந்தச் சோதனைகளிலிருந்து சூத்திரம் பிறந்ததோ அந்த எல்லைக்குள் மட்டுமே அதை நம்புங்கள்.

அடுத்தது வெப்பம். ஒரு கிலோ நீர் உறைய 334 கிலோஜூல் வெளியேற வேண்டும். சொரசொரப்பு வெப்ப இழப்பைக் கூட்டுவதால், நீர் விழுந்த இடத்திலேயே உறையுமா, பின்னோக்கி வழிந்து கொம்பு கொம்பாக வளருமா என்பதை அதுவும் தீர்மானிக்கிறது. இங்கே உராய்வு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவே வெப்பமும் கூடும் என்று கொள்வது பிழை. துகளின் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடு உராய்வைக் கூட்டுகிறது. வெப்பத்துக்கு அப்படியொரு துணை இல்லை. சுவரை ஒட்டிய மெல்லிய காற்றுப்படலத்தின் வழியே கடத்தலால்தான் அது கடக்க வேண்டும். காற்றின் கொந்தளிப்பைக் கணக்கிடும் மாதிரியில் தனி வெப்பத் திருத்தம் சேர்க்காவிட்டால் அது வெப்ப இழப்பை மிகைப்படுத்தும். வழிய வேண்டிய நீர் முன்விளிம்பிலேயே உறைந்துவிடும்.

இறக்கை முழுவதற்கும் ஒரே எண் கொடுப்பதும் வழக்கமாகிவிட்டது. நீர் உடனே உறையாமல் வழிந்து உறையும் கண்ணாடிப் பனியில் காற்று நேராக மோதும் இடம் நீர்ப்படலத்தால் வழவழப்பாக இருக்கும்; சற்றுத் தள்ளியே கரடு தொடங்கும். உராய்வு கூடும்போது கணிப்புக்காகக் காற்றுவெளியைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் வலையின் கண் சுவரருகே எவ்வளவு நுண்மையாக வேண்டும் என்பதும் மாறும் என்பதால், வழவழப்பான சுவருக்குப் போட்ட வலையைக் கணிப்பு முடிந்தபின் மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

எனக்கு மிகவும் உறுத்துவது, சோதனையில் கிடைத்த பனி வடிவத்தோடு பொருந்தும்வரை எண்ணைத் திருகிவிட்டு, சரிபார்த்தாயிற்று என்று எழுதுவது. வெப்பப் பிழையும் வலைப் பிழையும் அந்த எண்ணுக்குள் ஒளிந்துகொள்ளும். அதே எண்ணை வைத்து ஐந்து டிகிரி கூடுதல் குளிரில் ஒருமுறை, இரட்டிப்பு நேரத்துக்கு ஒருமுறை ஓட்டி, அதே நிலைகளில் நடந்த சோதனைகளோடு ஒப்பிடுங்கள். பிறகு எண்ணைப் பாதியாக்கியும் இரட்டிப்பாக்கியும் கொம்பின் நுனி எங்கே நகர்கிறது என்று வரைந்து, மூன்று கோடுகளையும் ஒரே படத்தில் வெளியிடுங்கள்.