அப்பா செபிப்பதைப் பிள்ளை பார்க்க வேண்டும்

முதன்முறையாக நற்கருணை வாங்கப் போகும் பிள்ளைகளுக்கான புதுநன்மை வகுப்பில், முதல் ஒப்புரவுக்கு, அதாவது பாவங்களைக் குருவிடம் அறிக்கையிடுவதற்கு, அவர்களைத் தயாரிக்கும் நாட்களில் வரும் கேள்விகள் எனக்கு ஏறக்குறைய மனப்பாடம். ஒரு பாவத்தை மறந்துவிட்டால் என்ன செய்வது, சாமியார் யாரிடமாவது சொல்லிவிடுவாரா, பேசும்போது அழுகை வந்தால் பரவாயில்லையா. இவற்றுக்கு நடுவே ஒரு பிள்ளையாவது, பெரும்பாலும் ஒரு பையன், கேட்டுவிடுவான்: "எங்க அப்பாவும் இதுக்கு வருவாரா சார்?" அம்மா வருவாரா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

அந்தக் கேள்விக்கு வகுப்பில் நின்றுகொண்டு நான் பதில் சொல்ல முடியாது. அப்பாதான் சொல்ல முடியும். அதனால் இதை அப்பாக்களுக்கு எழுதுகிறேன்.

ஆண்கள் பங்குக்கு, அதாவது தங்கள் கோவில் சமூகத்துக்கு, உழைப்பதில்லை என்று யாரும் சொல்ல முடியாது. விழா என்றால் இரவெல்லாம் கண்விழித்து வேலை பார்ப்பவர்கள் அவர்கள்தான். கணக்கு எழுதுவது, ஒலிபெருக்கி சரிசெய்வது, கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது எல்லாம் செய்கிறார்கள். ஆனால் பிள்ளையின் கண்ணால் பாருங்கள். கோவிலில் அப்பா எப்போதும் நின்றுகொண்டும், யாருக்காவது வேலை சொல்லிக்கொண்டும், பாதி நேரம் காதில் செல்பேசியோடும் இருக்கிறார். கண்மூடி முழந்தாளில் இருப்பவர் அம்மா. யாரும் சொல்லிக் கொடுக்காமலே பிள்ளை ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது: கோவில் வேலை ஆண்களுக்கு, செபம் பெண்களுக்கு. மீசை முளைக்கும் வயதில் பையன் செபத்தை விட்டுவிடுவதற்கு இது ஒரு பெரிய காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கீழே சொல்லும் எல்லாமே இதை மாற்றுவதற்குத்தான்.

மெழுகுதிரியிலிருந்து தொடங்குங்கள்

பிள்ளையின் திருமுழுக்கை நினைத்துப் பாருங்கள். பிள்ளையை விசுவாசத்தில் வளர்க்கும் பொறுப்பை உணர்ந்திருக்கிறீர்களா என்று குருவானவர் உங்களிடமும் கேட்டார். அவருக்குப் பின் நீங்களும் பிள்ளையின் நெற்றியில் சிலுவை வரைந்தீர்கள். கோவிலில் எரியும் பெரிய பாஸ்கா திரியிலிருந்து பிள்ளையின் திரியை ஏற்றும் பணியும் அப்பாவுக்கோ ஞானப்பெற்றோருக்கோ உரியது. முடிவில் தாய்க்கும் தந்தைக்கும் தனித்தனியே ஆசீர் உண்டு. தந்தைக்குரிய ஆசீரில், அவரும் அவர் மனைவியும் இந்தப் பிள்ளைக்கு விசுவாசத்தின் முதல் ஆசிரியர்கள் என்று சொல்லி, அவர்கள் சிறந்த ஆசிரியர்களாகவும் விளங்கும்படி திருச்சபை மன்றாடுகிறது. புகைப்படம் எடுக்கும் பரபரப்பில் அது உங்கள் காதில் விழாமல் போயிருக்கலாம். இப்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது எளிது. பிள்ளையின் திருமுழுக்குத் தேதி தெரியாவிட்டால் திருமுழுக்கு நடந்த பங்கில் கேளுங்கள், பதிவேட்டில் இருக்கும். ஆண்டுதோறும் அந்த நாளில் அதே திரியை எடுத்து ஏற்றி, எல்லோரும் சேர்ந்து விசுவாசப் பிரமாணம் சொல்லுங்கள். திரி தொலைந்திருந்தால் வேறு திரி போதும். ஏற்றுவது நீங்களாக இருக்க வேண்டும்.

ஞாயிறு திருப்பலி

இதற்கான வேலை சனிக்கிழமை இரவே தொடங்குகிறது. உடை, காலணி, காணிக்கை எல்லாவற்றையும் அன்றே எடுத்து வையுங்கள். ஞாயிறு காலை வீடு முழுக்க விரட்டலும் கத்தலுமாக இருந்தால், கோவில் என்றாலே பிள்ளைக்கு அப்பாவின் கோபம்தான் நினைவுக்கு வரும். இரவு தூங்கும் முன், மறுநாள் நற்செய்தியை நீங்களே வாசித்துக் காட்டுங்கள். விளக்கம் சொல்லத் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். "எனக்கு இந்த வரி பிடிச்சிருக்கு" என்று ஒன்றைச் சொன்னால் போதும். மறுநாள் அந்த வரி பீடத்திலிருந்து வாசிக்கப்படும்போது பிள்ளை உங்களைத் திரும்பிப் பார்க்கும். நீங்களும் பாருங்கள்.

கோவிலுக்குப் பத்து நிமிடம் முன்னதாகப் போய், குடும்பமாக முன்பக்கம் உட்காருங்கள். பின்வரிசையிலிருந்து சின்னப் பிள்ளைக்குத் தெரிவது பெரியவர்களின் முதுகுதான். மறையுரை தொடங்கியதும் வெளியே போய் நிற்பவர்களோடு சேராதீர்கள். பதிலுரைகளை வாய்விட்டுச் சொல்லுங்கள். குரல் நன்றாக இல்லாவிட்டாலும் பாடுங்கள். எழுந்தேற்றத்தின்போது, அதாவது குரு அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டும்போது, பிள்ளையின் காதருகில் குனிந்து, உயிர்த்த இயேசுவிடம் சீடர் தோமா சொன்னதைச் சொல்லிக் கொடுங்கள்: "நீரே என் ஆண்டவர், நீரே என் கடவுள்." அந்த வயதில் காதருகே கேட்ட அப்பாவின் குரல் எளிதில் மறக்காது.

கைக்குழந்தை அழுதால் தூக்கிக்கொண்டு வெளியே போகும் முறை உங்களுக்கும் உண்டு. ஒவ்வொரு ஞாயிறும் உங்கள் மனைவியே வெளியில் நின்றால், அவருக்குத் திருப்பலி எங்கே? இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வேலை இருப்பவர்களுக்கு: முந்தின நாள் மாலைத் திருப்பலியில் பங்கேற்றாலும் கடமை நிறைவேறும் என்று திருச்சபைச் சட்டம் (எண் 1248) சொல்கிறது. முடிந்தால் ஒரு பிள்ளையையாவது உடன் அழைத்துப் போங்கள்.

புனித யோசேப்பு பேசிய ஒரு வார்த்தைகூட நற்செய்தியில் இல்லை. ஆனால் பாஸ்கா விழாவுக்காகக் குடும்பத்தோடு "ஆண்டுதோறும்" எருசலேமுக்குப் போனார் என்று லூக்கா எழுதியிருக்கிறார். எத்தனை நாள் நடை அது! தொழிலை நிறுத்திவிட்டுத்தான் போயிருப்பார்.

பங்குப் பணி எடுக்கும்போது

எடுங்கள், அவசியம் எடுங்கள். வாசகராகலாம், பாடகர் குழுவில் சேரலாம், பங்குப் பேரவையில் இருக்கலாம். ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்பது சட்டம். கணக்குத் தெரிந்த அப்பாக்களுக்கு அங்கே இடம் உண்டு. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு பணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். திருப்பலி முழுவதும் அந்தப் பணியே உங்களை ஓட வைத்தால், வாரம் விட்டு வாரம் வேறொருவரை நிறுத்தச் சொல்லி பங்குத்தந்தையிடம் பேசுங்கள். குடும்பத்தோடு முழந்தாளிடும் நேரத்தை விலையாகக் கொடுத்துச் செய்கிற பணியை அவரும் விரும்பமாட்டார்.

வாய்ப்பிருந்தால், பிள்ளையையும் கூட்டிப் போகக்கூடிய பணியாகத் தேர்ந்தெடுங்கள். வின்சென்ட் தே பவுல் சபையை நான் பல அப்பாக்களுக்குச் சொல்வதுண்டு. 1833-இல் பாரிஸில் அதைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் பிரடெரிக் ஓசானாம். அப்போது அவர் கல்லூரி மாணவர். பிறகு பேராசிரியராகி, திருமணம் செய்து, ஒரு மகளுக்குத் தந்தையாகவும் இருந்தார். ஏழைகளை அவர்கள் வீட்டிலேயே போய்ச் சந்திப்பது அந்தச் சபையின் வழக்கம். முதியவர் ஒருவரின் வீட்டுக்கு அப்பா மாதந்தோறும் போய் உட்கார்ந்து பேசுவதைப் பார்த்த பிள்ளைக்கு, பிறரன்பைப் பற்றி நான் வகுப்பில் சொல்ல வேண்டியது மிகவும் குறைவு.

இன்னொன்று. பங்குக் கூட்டத்தில் நடந்த சண்டையைச் சாப்பாட்டு நேரத்தில் கொட்டாதீர்கள். பங்குத்தந்தையிடம் உங்களுக்கு மனவருத்தம் இருந்தால் அவரிடமே பேசுங்கள். வீட்டில் வைத்து அவரைக் கிழித்தால், அடுத்த ஞாயிறு அவர் கையிலிருந்து நற்கருணை வாங்க நிற்கும் பிள்ளையின் மனதில் என்ன ஓடும்? பெரியவர்கள் மறந்துவிடுவார்கள், சமாதானமாகியும் விடுவார்கள். பிள்ளைக்கு அந்தச் சமாதானம் தெரிவதில்லை.

வீட்டுச் செபம்

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் திருச்சபையைப் பற்றி வெளியிட்ட ஏட்டில் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று அழைத்தது. அந்தத் திருச்சபையில் செபத்தைத் தொடங்கும் குரல் அடிக்கடி உங்களுடையதாக இருக்கட்டும். செபமாலை முழுவதும் சொல்ல நேரமில்லாத நாளில் அதன் பத்து மணிகளை மட்டுமாவது சொல்லுங்கள். சிலுவை அடையாளத்தை நிதானமாகப் போடுங்கள். ஈயை விரட்டுவதுபோல் போடும் பெரியவர்களைப் பார்த்துத்தான் பிள்ளைகளும் அப்படிப் போடுகிறார்கள்.

"உள்ளறைக்குச் சென்று கதவை அடைத்துக்கொண்டு வேண்டுங்கள் என்றல்லவா இயேசு சொன்னார்?" என்று ஒரு அப்பா என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. ஊரார் பார்க்க வேண்டும் என்று தெருமுனையில் நின்று செபிப்பதைத்தான் இயேசு கண்டித்தார். உங்கள் பிள்ளை கதவுக்கு உள்ளே இருக்கிறது.

என் அப்பா அதிகம் பேசாதவர். இரவு வேலை முடிந்து வந்து, கட்டிலின் ஓரத்தில் முழந்தாளிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுப்பார். அதில் இருந்தவை பெயர்கள் மட்டுமே. யார் யாருக்காகச் செபிக்க வேண்டுமோ அவர்கள் பெயர்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த வயதில் அதைத் திறந்து பார்த்தேன். எங்கள் பெயர்களுக்குக் கீழே, அவரோடு பெரிய தகராறு செய்து பேச்சை நிறுத்திக்கொண்ட ஒருவரின் பெயரும் இருந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பகைவருக்காக வேண்டுங்கள் என்ற வசனத்தை நடத்தும்போதெல்லாம் எனக்கு அந்தக் கையெழுத்துதான் கண்ணில் நிற்கிறது. இப்படி ஒரு நோட்டை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். பூட்டி வைக்க வேண்டாம்.

புனிதர்களின் வாழ்க்கையிலும் இதையே பார்க்கிறோம். போலந்து நாட்டில் ஒரு பையனுக்கு 1929-இல் தாய் இறந்தார்; அவனுக்கு வயது எட்டு. மூன்று ஆண்டில் மருத்துவரான அண்ணனும் இறந்தார். ஓய்வுபெற்ற இராணுவத்தினரான அப்பாவும் பையனும் மட்டும் மிஞ்சினார்கள். இரவில் சில சமயம் விழித்துப் பார்த்தால் அப்பா முழந்தாளிட்டிருப்பார். குருவாகும்படி அப்பா அவனிடம் பேசியதே இல்லை. ஆனாலும் அப்பாவின் அந்த முன்மாதிரிதான் தன் முதல் குருமடம் என்று, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலாக ஆன பிறகு அவர் எழுதினார். குழந்தை இயேசுவின் தெரேசாவும் நாலு வயதில் தாயை இழந்தவர். புனிதர்கள் எப்படிச் செபிப்பார்கள் என்று அறிய அப்பாவைப் பார்த்தாலே போதும் என்று அவர் குறித்து வைத்திருக்கிறார். அந்த அப்பா லூயி மார்ட்டின், கடிகாரம் செய்யும் தொழிலாளி. ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறக்காதவர். மனைவி செலியோடு சேர்த்து அவருக்கு 2015-இல் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது.

தூங்கப் போகும் பிள்ளையின் நெற்றியில் பெருவிரலால் சிலுவை வரைந்து, "ஆண்டவர் உனக்கு ஆசி வழங்கி உன்னைக் காப்பாராக" என்று சொல்லுங்கள். இதற்குக் குருப்பட்டம் தேவையில்லை. திருமுழுக்குப் பெற்றவர்கள் பிறருக்கு ஆசியாக இருக்க அழைக்கப்பட்டவர்கள் என்கிறது திருச்சபையின் மறைக்கல்வி ஏடு. வளர்ந்த மகன் முதலில் கூச்சப்படுவான். தேர்வுக்கோ பயணத்துக்கோ கிளம்பும் நாளில் மட்டும் செய்யுங்கள், பிறகு அவனே தலையைக் குனிவான். வேலைக்காக வெளியூரில் இருக்கும் அப்பாக்கள் தொலைபேசியில் சொல்லலாம்.

ஒப்புரவு வரிசையில் நில்லுங்கள்

இதுதான் கடினம் என்று தெரியும். பல ஆண்டுகளாகப் போகாதவர் என்றால், அதையே முதல் வாக்கியமாகக் குருவிடம் சொல்லிவிடுங்கள். மற்றதை அவர் கேட்டு நடத்திச் செல்வார். பிள்ளையின் முதல் ஒப்புரவு நாளில், பிள்ளைக்கு முன்னால் வரிசையில் நீங்கள் நின்றால், அந்தப் பிள்ளையின் பயத்தில் பாதி போய்விடும். வரிசையில் நின்ற அப்பாக்களின் பிள்ளைகள் நடந்து வரும் விதத்திலேயே எனக்கு அது தெரியும்.

வீட்டிலும் அப்படியே. கோபத்தில் அளவுக்கு மீறிப் பேசிவிட்டால் பிள்ளையிடம் மன்னிப்புக் கேளுங்கள். "ஆனால் நீ செய்ததும் தப்புதானே" என்று வால் சேர்க்க வேண்டாம். அதை மறுநாள் பேசலாம். தந்தையரே, உங்கள் பிள்ளைகளுக்குச் சினமூட்டாதீர்கள் என்று எபேசியருக்கு எழுதிய பவுல் குறிப்பாகத் தந்தையரைத்தான் விளித்தார். சாமி கண்ணைக் குத்தும், கடவுள் தண்டிப்பார் என்ற மிரட்டல் வேண்டவே வேண்டாம். கடவுளைத் தந்தை என்று அழைக்கப் பழகும் பிள்ளைக்கு, தந்தை என்றால் யார் என்று தெரிவது உங்களை வைத்துத்தான்.

கேள்வி கேட்கும் வயது

பதினைந்து வயதில் "எனக்கு நம்பிக்கை இல்லை" என்று பிள்ளை சொன்னால் கத்தாதீர்கள். எதில் நம்பிக்கை இல்லை என்று கேளுங்கள். உங்களுக்கும் விடை தெரியாவிட்டால் சேர்ந்து தேடுங்கள், பங்குத்தந்தையிடம் சேர்ந்தே போங்கள். நோயுற்ற மகனை இயேசுவிடம் கொண்டுவந்த ஒரு அப்பா, "நான் நம்புகிறேன். என் நம்பிக்கையின்மை நீங்க உதவும்" என்று கதறியதை மாற்கு எழுதி வைத்திருக்கிறார். மகன் நலமடைந்தான். அந்த அளவு நம்பிக்கையோடும் ஒரு அப்பா இயேசுவின் முன் நிற்கலாம்.

பழைய ஏற்பாட்டில் உள்ள தோபித்து நூலின் 4-ஆம் அதிகாரத்தை இந்த வயதுப் பிள்ளையோடு வாசியுங்கள். பார்வை இழந்த தோபித்து மகனைத் தொலைதூரம் அனுப்பும் முன் பேசுவது அது. தாயை மதி என்கிறார், தருமம் செய் என்கிறார், வேலை செய்தவரின் கூலியை மறுநாள்வரை வைத்திருக்காதே என்கிறார். நீங்கள் கூலி கொடுப்பதையும், கடன் திருப்புவதையும், வீட்டு வேலைக்கு வருபவரிடம் பேசும் தொனியையும் பிள்ளை கவனித்துக்கொண்டிருக்கிறது. அங்கே நேர்மை இல்லை என்றால் முழந்தாளிடுவதை அது நம்பாது.

அப்பா இல்லாத வீட்டில்

அப்பா இறந்துபோன, பிரிந்துபோன, அல்லது விசுவாசத்தில் ஈடுபாடில்லாத வீடுகளும் நம் பங்கில் உண்டு. அந்த அம்மாக்களுக்கு நான் சொல்வது, பவுலின் உடனுழைப்பாளரான திமொத்தேயுவை. அவர் தந்தை கிரேக்கர். அவருக்கு விசுவாசம் வந்தது பாட்டி லோயியிடமும் தாய் யூனிக்கியிடமும் இருந்து. பிறகு பவுல் அவரைத் தம் பிள்ளை என்று அழைத்தார்.

ஞானத்தந்தை, தாத்தா, தாய்மாமன் ஆகியோருக்கு இங்கே வேலை இருக்கிறது. நீங்கள் ஒரு பிள்ளைக்கு ஞானத்தந்தை என்றால், பிறந்தநாள் பரிசோடு நின்றுவிடாமல், திருமுழுக்கு நாளில் அழைத்துப் பேசுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். முதல் ஒப்புரவு, புதுநன்மை, உறுதிபூசுதல் தேதிகளை அம்மாவிடம் இப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் விடுப்பு எடுத்துவிடுங்கள்.