கார்ட்டூன் காதலை அவசரப்பட்டுப் படிக்காதீர்கள்

மொரிஷியஸின் காத்ர் போர்னில் அக்கா வீட்டுக்குப் போனால் மாலையில் டீ, சுடச்சுட காத்தோ பிமா என்கிற மிளகாய் போட்ட பருப்பு வடை, அப்புறம் 'மிராக்குலஸ்' என்ற பிரெஞ்சு கார்ட்டூன். ரிமோட் அக்கா மகள் கையில். அதன் நாயகி மரினெத், வகுப்புத் தோழன் அத்ரியேன் முன்னால் வாய் குளறுவதைப் பார்த்து அம்மா ஒருநாள் சலித்துக்கொண்டார்: "பையன் அழகு, பணக்காரன், விளம்பரத்துல வேற வர்றான். வேற என்ன இருக்கு இதுல?" நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

தப்பு எங்கே என்றால், வரிசையில். 2015-இல் தொடங்கிய இந்தத் தொடர் நாட்டுக்கு நாடு வேறு வேறு வரிசையில் ஒளிபரப்பானது. கதையின் பிறப்பைச் சொல்லும் இரண்டு எபிசோடுகள் முதல் சீசனின் கடைசியில் எண்ணிடப்பட்டிருக்கின்றன. அங்கே, சூயிங்கத்தைத் தன் இருக்கையில் ஒட்டியது அத்ரியேன்தான் என்று மரினெத் கோபமாக இருக்கிறாள். மழை. தான் பள்ளிக்கூடம் போனதே இல்லை, நண்பர்கள் இருந்ததில்லை, எல்லாமே புதிது என்று சொல்லி அவன் குடையை நீட்டுகிறான். குடை அவள் தலைமேல் படக்கென்று மூடிக்கொள்ள, அவன் சிரிக்கிறான். வாய் குளறல் அங்கேதான் ஆரம்பம். அழகைப் பார்த்து வந்ததல்ல; தான் தப்பாக எடைபோட்டவனிடம் கனிவைக் கண்டதால் வந்தது. ஆகவே மெல்ல வளரும் காதலுக்குத் தீர்ப்பு எழுதும் முன் எது முதலில் நடந்தது என்று பாருங்கள்.

அடுத்தது, முகமூடியை வேறு ஆளாக எண்ணுவது. முகமூடி போட்டால் மரினெத்தான் லேடிபக், அத்ரியேன்தான் ஷா நுவார்; இது ஒருவருக்கொருவர் தெரியாது. மரினெத்துக்கு அத்ரியேன் மேல் ஆசை. ஷா நுவாருக்கு லேடிபக் மேல் ஆசை. இரண்டும் கைக்கிளை, ஆனால் இருப்பதோ இரண்டே பேர். ஷா நுவாரின் அசட்டு ஜோக்குகளை வெறும் வழிசல் என்று ஒதுக்குகிறவர்கள், அப்பாவின் கட்டுக்காவலில் வளரும் பையனுக்கு அந்த உடைதான் வெளிவாசல் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஐந்தாவது சீசனில் ஆசையின் திசையே மாறும்போது அதைத் திடீர்த் திருப்பம் என்று திட்டுவதும் அவர்களேதான்.

ஒரு காட்சியை நிறுத்திப் படமெடுத்து, "பாருங்க, கண்ணைப் பாருங்க!" என்பது இன்னொரு நோய். எனக்கும் இருந்தது. ஒரே தொடரைப் பல ஸ்டுடியோக்கள் வரைவதுண்டு. ஒரு பார்வை அனிமேட்டரின் கைச்சறுக்கலாகவும் இருக்கலாம். பார்வையைவிடச் செயலை நம்புங்கள். 'கோரா' கார்ட்டூன் தொடரின் நான்காவது சீசனில், நோயிலிருந்து மீளும் நாயகி கோரா பதில் கடிதம் எழுதுவது தோழி அசாமிக்கு மட்டும்தான். மற்ற நண்பர்களுக்கு இல்லை. 2014 டிசம்பரில் இருவரும் கைகோத்து நடந்த கடைசிக் காட்சியை வெறும் நட்பு என்று வாதிட்டவர்கள் பலர். முத்தம் இல்லையே என்றார்கள். படைப்பாளிகள் சில நாளில் காதல்தான் என்று தெளிவாக்கினார்கள். கடிதத்தைக் கவனித்தவர்களுக்கு அது செய்தியே இல்லை.

ஜோடியை முதலிலேயே முடிவு செய்துவிட்டுத் தடயம் தேடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 'கோரா'வுக்கு முந்தைய கார்ட்டூனான 'அவதார்' தொடரின் 61 எபிசோடுகளையும் கட்டாரா இளவரசன் ஸூக்கோவுக்குத்தான் என்று பார்த்தவர்களுக்குக் கடைசியில் அவள் நாயகன் ஆங்கை முத்தமிட்டது இன்னும் ஆறவில்லை. ஆனால் ஆங்குக்காக வாதிடுகிறவர்கள் பக்கமும் சுத்தமில்லை. குழப்பத்தில் இருக்கிறேன் என்று அவள் சொன்ன பிறகும் ஆங் முத்தமிட்டுவிட, அவள் கோபித்துக்கொண்டு போன காட்சியை அவர்கள் வசதியாகத் தாண்டிவிடுகிறார்கள்.

நம் ஊரில் ஜப்பானியத் தொடர்களையும் பிரெஞ்சு டப்பில்தான் பலர் பார்க்கிறோம். ஜப்பானியத்தில் குடும்பப் பெயரைச் சொல்லி அழைத்தவர் ஒருநாள் சொந்தப் பெயரைச் சொல்லி அழைத்தால், அது நம்மில் 'நீங்க' போய் 'நீ' வருவது மாதிரி. டப்பில் பெரும்பாலும் முதல் எபிசோடிலேயே சொந்தப் பெயர்தான். அந்தப் படி காணாமல் போய்விடுகிறது. "இவங்களுக்குள்ள எப்போ வந்துச்சு?" என்று தோன்றினால் ஒரே ஒரு எபிசோடை மூல ஒலியில் ஓடவிட்டு, பெயர்களுக்கு மட்டும் காது கொடுங்கள்.