பழைய மொரிஸ் மைனரைத் திருத்த எவ்வளவு காசு முடியும்? தொடங்கும் முன் போடவேண்டிய கணக்கு

யாழ்ப்பாணத்தில் வளவுக்குள் தறப்பாள் போட்டு மூடியபடி கிடக்கும் மொரிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40, கேம்பிரிட்ஜ் கார்களைப் பார்த்தால் எனக்கு மனம் கேட்பதில்லை. தொண்ணூறுகளில் பெற்றோல் தடை இருந்தபோது இவைதான் எங்களைச் சுமந்தன. கார்பரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். ஆஸ்பத்திரிக்கும் இடப்பெயர்வுக்கும் கலியாணத்துக்கும் அப்படித்தான் போனோம். அவற்றில் ஒன்றைத் திருத்தி மறுபடி ரோட்டில் விட நினைக்கும் ஒவ்வொருவரும் முதலில் கேட்பது, "எவ்வளவு முடியும்?" என்றுதான்.

சித்தப்பாவின் மொரிஸ் மைனரைத் திருத்தியபோது நானும் அதையே கேட்டேன். கேட்டவர்கள் எல்லோரும் எஞ்சினைப் பற்றியே பேசினார்கள். காசு போனதோ பொடியில், அதாவது வண்டியின் தகட்டு உடம்பில். எஞ்சினைக் கழற்றிப் பிரித்தால் என்ன தேய்ந்திருக்கிறது என்று ஒரே நாளில் தெரிந்துவிடும். தகட்டுக்குள் ஒளிந்திருக்கும் துரு அப்படியல்ல, வெட்ட வெட்ட நீளும். ஆகவே இந்தக் கணக்குத் துருவில்தான் தொடங்குகிறது. உதாரணத்துக்கு மொரிஸ் மைனரை எடுத்திருக்கிறேன். மற்ற வண்டிகளுக்கும் முறை இதுதான்.

படி 1: புத்தகத்தைப் பாருங்கள்

காருக்கு முன் பதிவுப் புத்தகம். 1995 இடப்பெயர்வில் வீட்டோடு பத்திரங்களையும் தொலைத்த குடும்பங்கள் பல. புத்தகத்தில் உள்ள செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் வண்டியில் உள்ளவையும் ஒன்றா என்று நீங்களே குனிந்து பாருங்கள். எஞ்சின் இடையில் மாற்றப்பட்டிருந்தால், அது பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். புத்தகம் இல்லாத காரை, வேறொரு காருக்குச் சாமான் கழற்றும் விலைக்கு மேல் வாங்க வேண்டாம். முன்னைய சொந்தக்காரர் இப்போது கனடாவில் என்றால், கையெழுத்து வாங்கும் வழியைக் கண்டுகொண்டு பிறகு முற்பணம் கொடுங்கள்.

படி 2: துருவை எண்ணுங்கள்

ஒரு சிறிய காந்தம், ஒரு ஸ்குரூ டிரைவர், ரோர்ச், கொப்பி, பேனை. இவ்வளவும் போதும்.

காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, மட்காட்டின் ஓரங்களிலும் கதவுகளின் அடிப்பகுதியிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டிதான் இருக்கிறது. பிறகு வண்டிக்கு அடியில் போங்கள். மொரிஸ் மைனருக்குத் தனிச் செசி கிடையாது, பொடியே எலும்பு. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிபோன்ற சில், தரைத் தகட்டுக்குக் கீழே குறுக்காகப் போகும் பீமின் இரண்டு முனைகள், முன்பக்கம் எஞ்சினைத் தாங்கும் கால்கள், ஜக் வைக்கும் இடம், பின் வில் தகடு பொருந்தும் இடம் ஆகிய ஒவ்வொன்றையும் ஸ்குரூ டிரைவரால் அழுத்திக் குத்துங்கள். உள்ளே போனால் அது வெட்டி ஒட்டவேண்டிய இடம்.

குத்திப் பார்க்க வண்டிக்காரர் விடாவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள். எங்கள் ஊர் மூன்று பக்கமும் கடல், நடுவிலும் கடல்நீரேரி. உப்புக் காற்றில் நாற்பது ஐம்பது வருடம் நின்ற தகட்டை வெளிப் பெயின்ற்றை வைத்து மதிப்பிட முடியாது.

கொப்பியில் காரின் அடிப்பக்கத்தைப் படமாகக் கீறி, ஓட்டைகளைக் குறியுங்கள். ஓட்டை ஒவ்வொன்றையும் கண்ணுக்குத் தெரிவதைப்போல் இரண்டு மடங்காக எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல தகடு வரும்வரை வெட்டினால்தான் வெல்டிங் பிடிக்கும் என்பதே காரணம்.

படி 3: எஞ்சினைச் சோதியுங்கள்

நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரின் கொம்பிரஷனையும் (உள் அழுத்தத்தையும்) பாருங்கள். நான்கும் கிட்டத்தட்ட ஒரே அளவென்றால் நல்லது. ஒன்று குறைந்தால், அந்தச் சிலிண்டருக்குள் ஒரு கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வைப் பாருங்கள்.

மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சினை இன்னும் கவனமாகப் பார்க்கவேண்டும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரனைத் தாண்டி இறங்கி ஒயிலை நீர்த்துப்போகச் செய்துவிடும், அதனால் பெயாரிங்குகள் தேயும். ஹெட்டைக் கழற்றினால் பிஸ்ரனின் தலையில் எண் அடித்திருக்கிறதா என்று பாருங்கள். 20, 40, 60 என்று இருந்தால், சிலிண்டர் முன்பு அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு கடைந்து பெருப்பிக்கப்பட்டது என்று தெரியும். 60 வரை போயிருந்தால் மறுபடி கடைய இடமிராது. சிலிண்டருக்குள் சிலீவ் என்ற புதுக் குழாய் போடவேண்டும், அதைக் கணக்கில் சேருங்கள். இன்றைய பெற்றோலில் ஈயம் இல்லை. பழைய இரும்பு ஹெட்டின் வால்வு இருக்கைகள் அதில் மெல்ல மெல்லத் தேய்ந்து இறங்கும். ஹெட் கழற்றியிருக்கும்போதே லேத் பட்டறையில் கடினமான இருக்கைகள் போட்டுவிட்டால் இரண்டாம் செலவு இல்லை.

படி 4: எதை நாமே செய்வது, எதற்கு ஆள் பிடிப்பது?

இங்கேதான் பலர் கணக்குத் தவறுகிறார்கள். கூலி மிச்சம் என்று எல்லாவற்றையும் தாங்களே தொடங்கி, பாதியில் விடுகிறார்கள். முழு வேலையும் 400 மணித்தியாலம் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறு தோறும் 5 மணித்தியாலம் செய்தால் 80 ஞாயிறு, ஒன்றரை வருடத்துக்கு மேல். அதற்குள் மாரி மழை வந்து, கழற்றிச் சுரண்டிய தகட்டில் புதுத் துரு பிடிக்கும். ஆகவே, நேரம் மட்டும் போதுமான வேலையை நாம் எடுப்பது, கைப்பழக்கமும் கருவியும் வேண்டியதை ஆளிடம் கொடுப்பது. நான் பிரித்துக்கொண்டது அப்படித்தான்.

கழற்றுவது முழுக்க உங்கள் வேலை. சீற், கதவுத் தட்டிகள், கண்ணாடி ரப்பர், பம்பர், லைற் எல்லாம். கழற்ற முன் படம் எடுங்கள். ஒவ்வோர் இடத்து நட்டையும் போல்ற்றையும் தனித்தனிச் சொப்பிங் பையில் போட்டு, எங்கே உள்ளது என்று எழுதிக் கட்டுங்கள். பூட்டும் நாளில் மெக்கானிக் நட் தேடும் நேரத்துக்கும் கூலி உங்கள் பையில் இருந்துதான் போகும். அங்குல ஸ்பானர் ஒரு செற் வாங்குங்கள். 1/2 அங்குல நட்டில் 13 மில்லிமீற்றர் ஸ்பானரைப் போட்டால் பொருந்துவதுபோல் இருக்கும், இறுக்கமான நட்டில் வழுக்கி மூலைகளைத் தின்றுவிடும்.

பழைய கிறீஸ் கழுவுவது, அடிப்பக்கம் சுரண்டுவது, துரு தடுக்கும் பிறைமர் பூசுவது, சீற் உறையை ரெயிலரிடம் கொடுத்துத் தைப்பித்துப் பூட்டுவது, இவையும் நீங்களே. வயரிங்கும் கற்றுக்கொள்ளக்கூடியது. மைனரில் வயர்கள் குறைவு, நிறமும் குறிக்கப்பட்டிருக்கும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இந்தக் கார்களில் பற்றரியின் பிளஸ் முனைதான் பொடியோடு இணைந்திருக்கும். இக்காலக் கார் என்று நினைத்து மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.

ஆளிடம் கொடுக்கவேண்டியவை: பொடி வெல்டிங், சிலிண்டர் கடைதல், கிராங்க் அரைத்தல், கடைசிப் பெயின்ற். மெல்லிய தகட்டில் காஸ் வெல்டிங் சூட்டால் தகடு நெளியும். மிக் (MIG) வெல்டிங் உள்ள ரிங்கரை, அதாவது தகட்டு வேலைக்காரரைத் தேடுங்கள். கதவுகளைப் பூட்டி, வண்டியை மட்டமாக நிறுத்தி வைத்துத்தான் சில் பெட்டியை வெட்ட வேண்டும் என்று அவரிடம் சொல்லுங்கள். கழற்றிவிட்டு ஒட்டினால் பொடி வளைந்துபோய், பிறகு கதவு சாத்தாது. முன் சக்கரங்களின் தோர்ஷன் பார் முறுக்கிய நிலையில் நிற்கும் கம்பி, தெரியாமல் அவிழ்த்தால் எலும்பு முறியும். அதில் கை வைக்கவே வேண்டாம்.

பிரேக் இரண்டுக்கும் நடுவில். வீல் சிலிண்டர், ஹோஸ், ரப்பர் எல்லாம் நீங்கள் மாற்றலாம். ஆனால் ரோட்டில் இறக்கும் முன் அனுபவமுள்ள ஒருவர் ஒவ்வொரு இணைப்பையும் பார்த்தாகவேண்டும். மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலுக்குக் கீழே, தரைக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. அதைக் கழற்றும்போது தோர்ஷன் பார் குறுக்கே நிற்கும் என்பதால் அந்த ஒன்றையாவது ஆளிடம் கொடுங்கள். பழைய பிரேக் லைனிங் தூளில் அஸ்பெஸ்ரோஸ் இருக்கலாம், ஊதாமல் ஈரத் துணியால் துடையுங்கள். வண்டிக்கு அடியில் போகும்போது கல்லையும் பனங்குற்றியையும் நம்பவேண்டாம், இரும்பு ஸ்ராண்ட் இரண்டு வாங்கிவிடுங்கள். அதுதான் உங்கள் முதற்செலவு.

படி 5: காசைப் பிரியுங்கள்

கைவசம் 12 லட்சம் ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விலைகள் மாறும், இந்தப் பங்கீட்டை மட்டும் பாருங்கள். வண்டி வாங்கிய காசு இதில் சேரவில்லை.

முதலில் 3 லட்சத்தை எடுத்து ஒதுக்குங்கள், அதாவது காற்பங்கு. வெட்டும்போது வெளிவரும் துருவுக்கு அது. மிச்சம் 9 லட்சத்தில் பொடிக்கும் பெயின்ற்றுக்கும் நாலரை, எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் ஒன்றரை, பிரேக், ஸ்ரியரிங், ரயருக்கு ஒன்றரை, வயரிங்குக்கும் பற்றரிக்கும் அரை, சீற்றுக்கும் உள்வேலைக்கும் முக்கால், ஏற்றி இறக்கும் கூலி, கருவி, பத்திரச் செலவுக்குக் கால். கூட்டினால் 9. பொடிக்கும் பெயின்ற்றுக்குமே பாதி போவதைக் கவனியுங்கள். படி 2இல் நீங்கள் கீறிய படத்தில் ஓட்டைகள் இரண்டு மூன்றுதான் என்றால் அந்தப் பங்கு இறங்கும். படமே கறுப்பாகிவிட்டால் அந்த வண்டியை விட்டு வேறு பார்ப்பது நல்லது.

சாமானை மொத்தமாக வாங்கிக் குவிக்க வேண்டாம். ஸ்ரான்லி வீதிக் கடைகளில் கேளுங்கள், கிடைக்காததைக் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் தேடுங்கள். பிரேக் ரப்பர், கார்பரேற்றர் கிற், கதவு ரப்பர் போன்ற சிறு சாமான்கள் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. திருவிழாவுக்கு வரும் உறவினரின் பெட்டியில் இடமிருந்தால் பட்டியலை இப்போதே அனுப்புங்கள். மைனரின் தகடுகள் ஒரு காலத்தில் இலங்கையிலேயே அடித்து இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. இங்குள்ள நல்ல ரிங்கர் ஒருவரால் சில் பெட்டியும் தரைத் தகடும் கையால் மடித்தெடுக்க முடியும், எல்லாத் தகட்டையும் கடல் கடந்து வரவழைக்கத் தேவையில்லை.

படி 6: கராச்சோடு பேசும் முறை

நான் செய்த பிழையைச் சொல்கிறேன். முழு வேலையையும் ஒரே கொந்தராத்தாகப் பேசி, பாதிக் காசை முன்கூட்டியே கொடுத்தேன். நல்லூர்த் திருவிழாவுக்கு முன் தருவதாகச் சொன்னார்கள். அடுத்த திருவிழாவும் போயிற்று. வண்டி வெளியே மழையில் நின்றது, கழற்றிய லைற் வளையம் ஒன்று காணாமற்போனது. வண்டியைத் திருப்பி ஏற்றிவந்த அன்று சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. அதுதான் எனக்குக் கூடுதலாக வலித்தது.

இரண்டாம் முறை வேலையைத் துண்டாக்கினேன். இடப்பக்கச் சில் ஒரு துண்டு, வலப்பக்கம் இன்னொன்று, தரை வேறொன்று. ஒன்று முடிந்து நான் பார்த்த பிறகுதான் அதற்குக் காசும் அடுத்த வேலையும். முற்பணம் தகட்டுக்கும் காஸுக்கும் மட்டும். கூலியும் சாமானும் கொப்பியில் தனித்தனி நிரலில் எழுதி, வேலை செய்த கராச் அண்ணையிடமும் ஒரு கையெழுத்து வாங்கினேன். அவரும் அதை மரியாதைக் குறைவாக எடுக்கவில்லை, கணக்குத் தெளிவாக இருக்கிறது என்றார். வெளியே தெரியும் வேலைக்குக் கொந்தராத்து பேசலாம். துரு எவ்வளவு என்று தெரியாத வேலைக்கு நாட்கூலிதான் இரு பக்கத்துக்கும் நியாயம். நாட்கூலி என்றால் அந்த நாளில் நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். பிடித்துக்கொடுக்கும் ஆளாக நின்றே பாதி வேலையைக் கற்றுக்கொள்வீர்கள்.

படி 7: காலத்தைப் பாருங்கள்

தை பிறந்ததும் வெல்டிங்கைத் தொடங்கி, பெயின்ற்றை ஆவணிக்குள் முடித்துவிடுங்கள். ஈரக்காற்றில் அடித்த பெயின்ற் வெளிறிப் பால்போல் மங்கும், மறுபடி தேய்த்து அடிக்க இரட்டைச் செலவு. நிறத்தை மாற்றுவதானால் பதிவிலும் மாற்றவேண்டும், அதையும் பத்திரச் செலவில் சேருங்கள்.

வண்டி ஓடத் தொடங்கியதும் ஒதுக்கிய 3 லட்சத்தில் மிச்சமிருப்பதைச் செலவழித்துவிட வேண்டாம். புது எஞ்சினுக்கு முதல் 500 மைலில் ஒயில் மாற்றவும், ஹெட் நட்டுகளைத் திரும்ப இறுக்கவும், வால்வு இடைவெளி பார்க்கவும் அது வேண்டும். ஐப்பசி மழை தொடங்கும் முன் ஒரு நாள் சில் பெட்டியின் துளைகளால் துரு தடுக்கும் மெழுகு ஒயிலை உள்ளே விசிறி, அடியில் உள்ள தண்ணீர் வடியும் துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்று கம்பி விட்டுப் பாருங்கள்.